மூன்று கப் ரைஸ் குக்கர்: ஆறு வருடம் ஓட்டியபின் எழுதுவது

பிஎச்டிக்கு அமெரிக்கா கிளம்புகிறவர்கள் கைடு எப்படி, குளிர் எப்படி என்றுதான் முதலில் கேட்பார்கள் என்று நினைப்பேன். பாதிப் பேர் கேட்பது, "அக்கா, குக்கர் எடுத்துக்கிட்டு வரணுமா?" என்பதுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் அனுப்பி அலுத்துவிட்டதால் விவரமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பிரஷர் குக்கர் எடுத்துக்கொண்டு வாருங்கள். ரைஸ் குக்கரை மட்டும் ஊரில் வாங்காதீர்கள். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், அங்கே 120. பிளக்குக்கு அடாப்டர் போட்டுச் செருகினாலும் நாலில் ஒரு பங்கு சூடுதான் வரும், அரிசி ஊறும், வேகாது. மிக்ஸிக்கும் இதே கதைதான், 110 வோல்ட் என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

நான் வாங்கியது 2018 செப்டம்பரில், விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில், இருபது டாலருக்கு. ஆகஸ்டில் சேர்ந்த எனக்கு முதல் சம்பளம் கையில் கிடைக்க அக்டோபர் ஆகிவிட்டது, அதுவரை அப்பா கொடுத்த பணத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்துகொண்டிருந்தேன், அந்த இருபது டாலருக்கே கடையில் இரண்டு சுற்று சுற்றினேன். வெள்ளைப் பெட்டி, கண்ணாடி மூடி, ஒரே ஒரு ஸ்விட்ச். கீழே அழுத்தினால் வேகும், தானாக மேலே வந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். டிஜிட்டல் திரை, டைமர், பத்து விதமான பட்டன் எதுவும் கிடையாது. எனக்கு அதுவே பிடித்தது.

அந்த ஸ்விட்ச் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் படித்தது மெட்டீரியல் சயின்ஸ், அதிலும் காந்தப் பொருட்கள். பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டு நடுவில் ஸ்பிரிங் மேல் ஒரு சின்ன வட்டம் இருக்கும், அழுத்திப் பார்த்தால் உள்ளே போகும். அதற்குள் இருப்பது ஒரு காந்தமும், அது பிடித்து இழுக்கிற ஃபெரைட் என்னும் இரும்பு ஆக்சைடு கலந்த பொருளின் ஒரு துண்டும். தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீரை அரிசி முழுக்கக் குடித்துவிட்டால் சூடு விறுவிறுவென ஏறும், சுமார் 103 டிகிரியில் ஃபெரைட் தன் காந்தத் தன்மையை இழந்துவிடும், பிடி விட்டதும் ஸ்பிரிங் தள்ளி 'டக்' என்று ஸ்விட்ச் மேலே வரும். அதாவது நான் போட்ட தண்ணீருக்கு ஏற்றபடி அதுவே நேரத்தைத் தீர்மானிக்கிறது. காந்தத் தன்மை போகிற அந்தச் சூட்டுக்குக் கியூரி வெப்பநிலை என்று பெயர், லேபில் அதை அளப்பதற்கு நான் எத்தனை இரவு உட்கார்ந்திருக்கிறேன் என்பது என் கைடுக்குத் தெரியும்.

1955இல் ஜப்பானில் தோஷிபா நிறுவனம் முதல் தானியங்கி ரைஸ் குக்கரை விற்றபோது உள்ளே இருந்த ஏற்பாடு வேறு, வெளிப்பாத்திரத்துத் தண்ணீர் வற்றினால் அணைகிற மாதிரி செய்திருந்தார்கள். அதை வடிவமைத்த யோஷிதாதா மினாமிக்காக எந்த அளவுக்கு எவ்வளவு நேரம் என்று நாள் கணக்காகச் சமைத்துச் சமைத்துப் பார்த்தவர் அவர் மனைவி ஃபூமிகோ. ஒவ்வொரு முறை சோறு வைக்கும்போதும் அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லத் தோன்றும்.

சரி, சமையலுக்கு வருகிறேன். கூட வரும் பிளாஸ்டிக் கப் 180 மில்லி, ஜப்பானிய அளவு. அமெரிக்கக் கப் 240 மில்லி. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு முதல் மாதம் முழுக்கக் குழைந்த சோறுதான் சாப்பிட்டேன். எந்தக் கப்பானாலும் அரிசியையும் தண்ணீரையும் ஒரே கப்பால் அளக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். சோனா மசூரிக்கு ஒன்றுக்கு இரண்டு, பாஸ்மதிக்கு ஒன்றரை போதும். புழுங்கல் அரிசி என்றால் அரை மணி நேரம் ஊறவைத்து மூன்று. ஒரு கப் அரிசி எனக்கு இரண்டு வேளைக்கு வரும்.

என் ரூம்மேட் சீனாவின் செங்டுவிலிருந்து வந்தவள். அவள் கப்பையே தொட மாட்டாள். கழுவிய அரிசியைச் சமப்படுத்தி, சுண்டு விரலுக்குப் பக்கத்து விரலின் நுனியை அரிசி மேல் வைத்து, முதல் ரேகை வரை தண்ணீர் வந்தால் நிறுத்திவிடுவாள். நான் அப்படியே நின்றுவிட்டேன். திருநெல்வேலியில் என் அம்மா செய்வதும் இதேதான், ரேகை மட்டும் இன்னும் கொஞ்சம் மேலே. அன்றே வீடியோ காலில் இருவரையும் பேசவைத்தேன், பொது மொழி ஒன்றும் கிடையாது, ஆளுக்கொரு விரலைக் காட்டிக்கொண்டு சிரித்தார்கள். அரிசி பாதி வெந்ததும் மேலே சீன சாசேஜை வைத்து மூடுவது அவள் வழக்கம். நான் பருப்புப் பொடி, நல்லெண்ணெய். அப்புறம் அது இரண்டு பேருக்கும் பொதுவான குக்கர் ஆனது.

2019 ஜனவரி கடைசியில் போலார் வோர்ட்டெக்ஸ் என்கிற துருவத்துக் கடுங்குளிர்க் காற்று வந்து மேடிசனில் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போனது, வகுப்புகளை ரத்து செய்தார்கள். மென்டோட்டா ஏரி பாறையாக உறைந்து கிடந்தது. வெளியே போகவே முடியாத அந்த இரண்டு நாளும் ரசம் சோறுதான். மூடியின் துளையிலிருந்து வந்த ஆவி சமையலறை ஜன்னலில் பட்டு, பட்ட இடத்திலேயே பூப்பூவாக உறைந்ததை உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊரை விட்டு வந்ததில் எனக்குக் கிடைத்த அழகான நாட்களில் அது ஒன்று.

அடுத்த ஜனவரியில் குவால்ஸில், அதாவது பிஎச்டியைத் தொடரத் தேற வேண்டிய தகுதித் தேர்வில், பெயில் ஆனேன். இன்னொரு வாய்ப்புதான், அதிலும் போனால் பிஎச்டி இல்லாமல் எம்எஸ் பட்டத்தோடு கிளம்ப வேண்டியதுதான். அன்று இரவு அரிசியைப் போட்டு ஸ்விட்சை அழுத்திவிட்டுப் படுத்தவள் தூங்கிப்போனேன், விடிகாலை மூன்று மணிக்கு விழித்தபோது சோறு சூடாக இருந்தது. அடுப்பில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த சாமானை நான் சிபாரிசு செய்வதற்கு முக்கியக் காரணமே இதுதான். படிப்புக்கு நடுவே அடுப்பைக் கவனிக்கவும் மனதில் இடம் இல்லாத நாட்கள் நிறைய வரும், அந்த நாட்களில் நாம் சாப்பிடாமல் படுத்துவிடாதபடி ஏதாவது ஒன்று வீட்டில் இருக்க வேண்டும்.

அதே வருடம் மார்ச்சில் கொரோனா. மார்ச் 23இலிருந்து இந்தியாவுக்கு வழக்கமான சர்வதேச விமானங்கள் கிடையாது. ஜூலை 6ஆம் தேதி, வகுப்புகள் முழுக்க ஆன்லைனில் நடந்தால் எஃப்-1 விசா மாணவர்கள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. இருக்கவும் விடவில்லை, போகவும் வழியில்லை. ஹார்வர்டும் எம்ஐடியும் வழக்குப் போட, 14ஆம் தேதி அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. நடுவில் இருந்த எட்டு நாளும் மூட்டையில் எத்தனை கப் அரிசி இருக்கிறது, வாடகை எத்தனை மாதத்துக்கு வரும் என்று எழுதி எழுதிப் பார்த்தேன். ஆகஸ்டில் குவால்ஸ் மறுபடி எழுதித் தேறினேன், ஜூமில், சமையலறை மேஜையில், பக்கத்தில் குக்கர்.

இனி குறைகள். ஒன்று, பாத்திரத்தின் நான்ஸ்டிக் பூச்சு மூன்றாம் வருடத்தில் உரியத் தொடங்கியது. சில்வர் கரண்டி போட்டது என் தப்புதான், ஆனால் மரக்கரண்டி மட்டுமே போட்ட நண்பருக்கும் நாலு வருடத்தில் உரிந்தது. வாங்கும்போதே எவர்சில்வர் உள்பாத்திரம் உள்ளதாகப் பாருங்கள், பத்து டாலர் கூட ஆகலாம், பரவாயில்லை. வெண்பொங்கல் வைத்தால் கஞ்சி பொங்கி மேடை முழுக்க வழியும். முக்கால் கப்புக்கு மேல் போடக்கூடாது, மூடிக்கடியில் ஒரு மரக்கரண்டியைக் கொடுத்து இடைவெளி விட்டால் ஓரளவு அடங்கும். துவரம் பருப்பு இதில் மசியவே மசியாது, பிரஷர் குக்கரில் 120 டிகிரி வரை போகிறது, இதில் 100தான். நானும் மூன்று முறை முயன்று விட்டுவிட்டேன். ஆரம்பத்திலேயே பிரஷர் குக்கர் எடுத்துவரச் சொன்னது இதனால்தான். வெந்தபின் சோற்றைச் சூடாகவே வைத்திருக்கும் 'வார்ம்' நிலையில் நாலு மணி நேரத்துக்கு மேல் விட்டால் அடிச்சோறு காய்ந்து அப்பளம் மாதிரி ஆகிவிடும்.

அரிசி பற்றி ஒன்று. 2023 ஜூலை 20ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தபோது இந்தியன் ஸ்டோரில் சோனா மசூரிக்கு வரிசை நின்றது, நான் போனபோது ஆளுக்கு ஒரு மூட்டைதான் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். தீசிஸ் எழுதிக்கொண்டிருந்த நேரம், கடைக்கு அலைய முடியவில்லை. ரூம்மேட் சீனக் கடையிலிருந்து தாய்லாந்து மல்லிகை அரிசி வாங்கி வந்தாள், ஒன்றுக்கு ஒன்றேகால் தண்ணீர், அருமையாக வந்தது. தயிர் சாதத்துக்கு அதைவிட நல்ல அரிசி எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் அந்தப் பூச்சுக்காகக் குறைத்தது.

2024 ஜூலையில் ஊர் திரும்பும்போது இதைக் கொண்டுவர முடியவில்லை. 230 வோல்ட்டில் செருகினால் நாலு மடங்குக்குக் கிட்டத்தட்ட சூடாகிப் புகைந்துவிடும். ஆகஸ்டில் மதுரையிலிருந்து வந்து சேர்ந்த ஒரு தம்பிக்காக ரூம்மேட்டிடம் விட்டுவந்தேன், 180 மில்லி கப்பைப் பாத்திரத்துக்குள்ளேயே போட்டு, பாதி மூட்டை அரிசியோடு. போன வாரம் படம் அனுப்பியிருந்தான். பொங்கல் வைத்திருக்கிறான், மேடையெல்லாம் கஞ்சி.