‘பிரிங் அப்’ என்றால் என்ன? நர்சுகளுக்குக் கைகொடுக்கும் ஓர் அகராதி

வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் நர்சுகளுக்கு நாகர்கோவிலில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிற பிள்ளைகள் மருத்துவச் சொற்களில் கெட்டிக்காரர்கள். டிஸ்ப்னியா (மூச்சுத்திணறல்), ஹீமோப்டிசிஸ் (இருமலில் ரத்தம்) என்று எதைக் கேட்டாலும் பட்டென்று சொல்வார்கள். ஆனால் இங்கிலாந்தில் கட்டிலில் படுத்திருக்கும் பாட்டி அந்தச் சொற்களில் பேசப்போவதில்லை. அவர் ‘பிரிங் அப்’ என்பார், ‘பாஸ் அவுட்’ என்பார், மயக்கம் தெளிவதை ‘கம் ரவுண்ட்’ என்பார். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியில் லிசனிங்கின் முதல் பகுதியே நோயாளி பேசுவதைக் கேட்டுக் குறிப்பு நிரப்புவதுதான். என் பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவது அங்கேதான்.

வினையோடு ‘அப்’, ‘அவுட்’ போன்ற சிறுசொல் சேர்ந்து புதுப் பொருள் தருவதை ஃப்ரேசல் வெர்ப் என்பார்கள். இதற்காக வகுப்பில் நான் வைத்திருப்பது காலின்ஸ் கோபில்ட் ஃப்ரேசல் வெர்ப் அகராதி. முதல் பதிப்பு 1989இல் வந்தது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் ஒரு குழு, மக்கள் நிஜமாகவே எழுதியதையும் பேசியதையும் கணினியில் திரட்டி, அதைப் பார்த்து அகராதி செய்தது. அந்தக் குழுவின் உழைப்பு இது. பொருளைத் தனிச்சொல்லாகக் கொடுக்காமல் முழு வாக்கியமாகவே எழுதுவார்கள்: ஒருவர் இன்னதை இப்படிச் செய்தால், இன்னது நடக்கிறது என்று.

அந்த முழு வாக்கியத்தின் அருமை தெரிய ‘பிரிங் அப்’ பக்கத்தைத் திறந்தால் போதும். குழந்தையை பிரிங் அப் செய்தால் வளர்ப்பது. ஒரு விஷயத்தை பிரிங் அப் செய்தால் பேச்சில் எடுப்பது. சாப்பாட்டை பிரிங் அப் செய்தால் வாந்தி. கைக்குழந்தை காற்றை பிரிங் அப் செய்தால் ஏப்பம். எதை என்பதும் விளக்கத்துக்குள்ளேயே இருப்பதால், எந்தப் பொருள் என்று தனியாக மண்டையை உடைக்க வேண்டியதில்லை. கடைகளில் கிடைக்கும் பல வழிகாட்டிகளில் ‘பிரிங் அப் – வளர்த்தல்’ என்று ஒரே வரியோடு முடித்துவிடுகிறார்கள். அதை மனப்பாடம் செய்த பிள்ளை, ராத்திரி முழுக்க நோயாளி பிரிங் அப் செய்தார் என்று கேட்டால் திகைக்காமல் என்ன செய்யும்?

நம் பிள்ளைகளுக்கு இது அந்நியமான சங்கதியும் இல்லை. வாந்தி எடுக்கிறோம், பழைய பேச்சை எடுக்கிறோம், பிள்ளையைத் தத்து எடுக்கிறோம், பசி எடுக்கிறது, லீவு எடுக்கிறோம். ‘எடு’ ஒன்றுதான், கூட வருவது எதுவோ அதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது. இதைச் சொன்னதும் வகுப்பில் முகங்கள் தெளிந்துவிடும்.

அப்புறம் சொல் வரிசை. ‘இட்’ போன்ற பிரதிப்பெயர் வந்தால் நடுவில்தான் நிற்க வேண்டும்: பிரிங் இட் அப். ‘பிரிங் அப் இட்’ தவறு. காதுக்கு இது பெரிய சோதனை, ஏனென்றால் இரண்டு துண்டும் பிரிந்து வரும். நோயாளியின் மனைவி ‘ஹீ கீப்ஸ் பிரிங்கிங் இட் அப்’ என்கிறார் என்று வையுங்கள். அதற்கு முன் மாத்திரையைப் பற்றிப் பேசியிருந்தால், விழுங்கியது வெளியே வந்துகொண்டே இருக்கிறது. இறந்துபோன தம்பியைப் பற்றிப் பேசியிருந்தால், அந்தப் பேச்சையே திரும்பத் திரும்ப எடுக்கிறார். ஒன்றுக்கு டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும், இன்னொன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்துக்கு நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் செலவழிப்பேன்.

‘பாஸ் அவுட்’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ‘2019 பாஸ் அவுட்’ என்றால் அந்த வருஷம் படிப்பு முடித்தவர். பிரிட்டனில் பயிற்சி முடித்த ராணுவ வீரர்களுக்கு அப்படிச் சொல்வதுண்டு. ஆனால் வார்டில் அந்தச் சொல்லுக்கு மயங்கி விழுவது என்றுதான் பொருள். இன்டர்வியூவில் ‘கிராஜுவேட்டட்’ என்று சொல்லுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கடைசியில் இருக்கும் பார்ட்டிக்கிள் அட்டவணை. அப், அவுட், ஆஃப் போன்றவற்றைத் தனித்தனியாக எடுத்து, எந்தெந்தப் போக்கில் பொருள் தருகின்றன என்று கூட்டம் கூட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். ‘அப்’ என்றால் மேலே என்று மட்டும் நினைக்கிறவர்களுக்கு ‘ஈட் அப்’, ‘டிரிங்க் அப்’ புரியாது. அங்கே ‘அப்’ வேலை முடிவதைக் காட்டுகிறது: சாப்பிட்டுவிடு, குடித்துவிடு. நம் ‘விடு’ செய்கிற வேலை. பெரும்பாலோர் இந்தப் பகுதியைப் புரட்டுவதே இல்லை, எனக்கு அதில் வருத்தம்தான்.

குறையும் உண்டு. விளக்கம் முழுக்க ஆங்கிலத்தில் என்பதால் ஆரம்பநிலைப் பிள்ளைக்கு இதைக் கொடுத்தால் பயந்துவிடும். வினைச்சொல்லின் அகரவரிசையில் தேட வேண்டும். காதில் ‘அப்’ மட்டும் விழுந்து வினை நழுவிவிட்டால் தேடுவது கஷ்டம். வாசித்துப் பழகியவருக்குத்தான் இது. பிளஸ் டூ ஆங்கிலத்திலேயே திணறுகிறவர், முதலில் ஓர் ஆசிரியரோடு உட்கார்ந்து தினம் ஒரு வினையாகப் பாருங்கள்.

புதுப் பதிப்புதான் வேண்டும் என்று அலைய வேண்டாம். ‘பிரிங் அப்’, ‘கம் ரவுண்ட்’ எல்லாம் பழைய பதிப்பிலும் அதே பொருள்தான். பழைய புத்தகக் கடையில் கிடைத்தால், வாங்கும் முன் கடைசிப் பக்கங்களைப் புரட்டி அந்த அட்டவணை கிழியாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.