வாசல் கதவுக்கு அடியால் வரும் காற்று: ஐந்து மாரி கண்ட அனுபவம்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வாசல் கதவு கடலைப் பார்த்து நிற்கிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் குசினிக் கதவால் புழுதி வரும். கார்த்திகை பிறந்தால் வாடைக்காற்று மழையையும் அள்ளிக்கொண்டு வாசல் கதவுக்கு அடியால் ஊதும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது, பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் கணுக்கால் நனைந்தது. அம்மா சாக்கை முறுக்கி முறுக்கி வைக்கிறார், அது ஊறி ஊறி நகர்கிறது. அடுத்த கிழமையே, இடைவெளியை றப்பரால் அடைக்கவென்று ஓடாவியைக் கூப்பிட்டேன். பிழை அங்கேதான் தொடங்கியது.

“கதவு இறுகுது தங்கச்சி, கொஞ்சம் சீவினாத்தான் றப்பர் பிடிக்கும்” என்றார் அண்ணை. நானும் சரி என்றுவிட்டேன். மாரி ஈரத்தைக் குடித்து உப்பியிருந்த மரத்தைச் சீவினால் என்ன நடக்கும்? ஆடியில் காய்ந்து சுருங்கியதும், பூட்டுப் பக்க இடைவெளியில் ஐந்து ரூபாய்க் குற்றி தாராளமாகப் போய் வந்தது. மரம் அகலப் பக்கமாகத்தான் உப்பும், நீளப் பக்கம் கிட்டத்தட்ட அசையாது. ஆகவே பக்கங்களுக்கு அமுங்கி விரியக்கூடிய ஒன்று வேண்டும். அடிக்கு மட்டும் இறுக்கமாகப் பட்டி அடிக்கலாம். இது பிடிபட எனக்கு ஒரு வருடம் போனது.

பக்கங்களுக்கு முதலில் வாங்கியது ஒட்டுகிற ஸ்பொஞ்சுப் பட்டி. மலிவு, பத்து நிமிட வேலை. மூன்று மாதத்தில் உப்புக்காற்றில் பசை கழன்று, பெயின்ட்டையும் உரித்துக்கொண்டு தொங்கியது. மழையில் ஊறிய துண்டு கறுத்து மணத்தது. அப்புறம் உள்ளே குழாய் போல வெறுமையாக இருக்கும் றப்பர் பட்டியை, நிலையை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, பங்குனி வெயிலில் ஒட்டினேன். அது இன்னும் இருக்கிறது. மேல் மூலையில் மட்டும் கொஞ்சம் விறைத்துவிட்டது.

அடிக்கு, றப்பர் பொருத்திய அலுமினியப் பட்டி. பொருள் நல்லது, கூட வந்த ஆணிகள்தான் சரியில்லை. ஆறு மாதத்தில் கறள் பிடித்து, கதவில் செம்மண் நிறத்தில் ஒழுகின. பித்தளை ஆணி போட்டேன். அதைச் சுற்றி அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிர்ந்தது. உப்பு ஈரத்தில் அந்த இரண்டும் ஒத்துவராது. இப்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணி. இரண்டு வருடமாகப் பிரச்சினை இல்லை. பட்டியைக் கதவின் வெளிப்பக்கம் பொருத்துங்கள். உள்ளே அடித்தால் காற்று நிற்கும், ஆனால் மழைத் தண்ணீர் கதவின் அடியில் தேங்கி மரத்தை ஊறவைக்கும்.

காசு செலவழிக்கும் முன் செய்ய வேண்டியதை நான் கடைசியாகத்தான் செய்தேன். காற்றடிக்கும் ஒரு பின்னேரம் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கதவோரமாக மெதுவாகக் கொண்டுபோனேன். மேல் மூலையில் புகை சட்டென்று மடிந்தது. பார்த்தால் மேல் பிணைச்சல் ஆடுகிறது, கதவே சரிந்து நிற்கிறது. நீளமான ஆணி நாலு போட்டு நிமிர்த்தியதும் பாதிக் காற்று நின்றுவிட்டது. நாலு ஆணிக்கு முடிந்திருக்க வேண்டிய வேலை!

குசினிக் கதவுக்குப் பக்கங்களில் மட்டும் பிரஷ் பட்டி போட்டிருக்கிறேன். அடியை அடைக்கவில்லை. காஸ் கசிந்தால் அது காற்றைவிடப் பாரம், தரையோடு தேங்கும். வெளியேற ஒரு வழி இருக்கட்டும். அந்த வழியால் ஒருமுறை மட்டத்தேள் வந்தது. அதற்காக அதை அடைக்கப் போவதில்லை.

வாசல் பட்டியில் மீதமிருக்கும் குறை மணல். றப்பருக்கு அடியில் சிக்கி, சிவப்புச் சீமெந்துத் தரையில் கதவு திறக்கும் வளைவில் கோடு இழுத்திருக்கிறது. தும்புத்தடியால் தினமும் கூட்டினாலும் மறுநாள் காலை மணல் அங்கேதான்.