பணியிடத் துன்புறுத்தலின் உளவியல்: மட்டக்களப்பில் ஒருநாள் செயலமர்வு

கல்லடிப் பாலத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்திலுள்ள ஒரு மண்டபத்தில், பணியிடத் துன்புறுத்தலின் உளவியலை விளக்கும் ஒருநாள் செயலமர்வில் கடந்த மாதம் கலந்துகொண்டேன். மதிய உணவோடு கட்டணம் 2,500 ரூபா. கல்முனைப் புடவைக்கடைகளில் வேலை செய்வோர், படுவான்கரைப் பாடசாலைகளின் ஆசிரியைகள், அரிசி ஆலையொன்றில் கணக்கெழுதுபவர், வெளிக்கள உத்தியோகத்தர்கள் என இருபதுக்கு மேற்பட்டோர் வந்திருந்தோம்.

வளவாளர் ஓர் உளவளத்துணையாளர். இது உங்களுக்கு ஏன் நடந்தது என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டு, எல்லோருக்கும் ஒரு துண்டுத்தாளைக் கொடுத்தார். பெயர் எழுதப்படாத அந்தத் தாள்களை அவர் வாசிக்க வாசிக்க, பாதிப்பேருக்கு மேல் பழியைத் தங்கள் தலையிலேயே போட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது: நான் மெதுவாக வேலை செய்பவள், எனக்குச் சிங்களம் சரளமாக வராது, எனக்குக் கதைக்கத் தெரியாது. அங்கிருந்துதான் அவர் ஹைன்ஸ் லேமனின் ஆய்வுக்கு வந்தார். ஜெர்மனியில் பிறந்து சுவீடனில் பணியாற்றிய அந்த உளவியலாளர் 1980களில் இதை ஆராய்ந்து, கிழமைக்கு ஒரு தடவையாவது, ஆறு மாதங்களாவது தொடரும் பகைமை என்று ஓர் அளவுகோலை வகுத்தார். அதற்கு வேர் பாதிக்கப்பட்டவரின் குணத்தில் இல்லை, வேலை பகிரப்படும் ஒழுங்கிலும் பொறுப்பிலிருப்போர் தலையிடாமல் விடுவதிலுமே இருக்கிறது என்றும் வாதிட்டார். சுவீடன் 1993இல் இதற்கென்றே விதிமுறை கொண்டுவந்தது. தாளில் எழுதியவற்றை இந்த விளக்கத்தோடு பொருத்திப் பார்த்தபோது, எதிரே இருந்த ஓர் ஆசிரியை தன் தாளைத் திருப்பி வாங்கிக் கிழித்துப் போட்டார்.

செயலமர்வின் உச்சம் வெண்பலகையில் வரையப்பட்ட நான்கு கோடுகள்தான். இடப்பக்கம் ஒரு கோடு; வலப்பக்கம் மூன்று. எது சம நீளம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். முன்வரிசையில் இருந்த ஆறுபேரிடம் பிழையான விடையைச் சொல்லும்படி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். ஏழாவதாக இருந்த புடவைக்கடை இளைஞர் பலகையை மூன்று தடவை பார்த்தார், தொண்டையைச் செருமினார், பிழையான விடையையே சொன்னார். உளவியலாளர் சொலமன் ஆஷ் 1950களில் செய்த பரிசோதனை இது; அதில் ஏறத்தாழ மூன்றிலொரு விடை கூட்டத்தோடு போனது. ஒரேயொருவர் சரியான விடையைச் சொன்னாலே அந்த இணக்கம் முன்பிருந்ததில் நான்கிலொன்றாகக் குறைந்தது. அலுவலகத்தில் ஒருவர் வதைக்கப்படும்போது மற்றவர்கள் ஏன் வாய்திறப்பதில்லை என்பதையும், ஒரு குரலுக்கு எவ்வளவு பெறுமதி என்பதையும் இதைவிடத் தெளிவாக எவரும் எனக்கு விளக்கியதில்லை.

எனக்கு அது சுட்டது. நான் முன்பு வேலை செய்த இடத்தில், ஓர் அக்காவின் மேசைக்குப் பத்துமணித் தேநீர் வருவது ஒருநாள் நின்றுபோனது. கணக்குப் பொறுப்பாளருக்கு அவர்மேல் மனத்தாங்கல். தேநீர்த் தட்டு அவருடைய மேசையைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வரும். எட்டு மாதங்கள் நான் தலைகுனிந்து அதைக் குடித்தேன். பந்தைத் தூக்கிப்போடும் கணினி விளையாட்டொன்றில் ஒதுக்கப்பட்டவர்களுக்கு, உடல் நோவின்போது இயங்கும் மூளைப்பகுதியொன்று கூடுதலாக இயங்கியதை 2003இல் வெளியான ஆய்வொன்று காட்டியதாக வளவாளர் சொன்னபோது, அந்தத் தட்டுத்தான் என் கண்முன் நின்றது. அன்று மாலையே அந்த அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். “தேத்தண்ணி இல்லாதது பெரிசில்ல தம்பி, ஒருத்தரும் நிமிர்ந்து பாக்கல்லையே” என்றார்.

பிற்பகல் அந்தத் தரத்தில் இல்லை. மூச்சுப்பயிற்சிக்கும் மன்னிப்பு பற்றிய பேச்சுக்கும் ஒன்றரை மணித்தியாலம் போனது. காலையில் பழியைப் பாதிக்கப்பட்டவரின் தோளிலிருந்து இறக்கிவைத்துவிட்டு, மாலையில் நீங்களே உங்களைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று அனுப்புவது முரண். கையேடு ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் மாற்றப்பட்டிருந்ததால், பல பக்கங்களை வளவாளரே மறுபடி தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. மேற்பார்வையாளர் ஒருவரைக்கூட அங்கே காணவில்லை. ஏற்பாட்டாளர்கள் நிறுவனங்களுக்கே நேரடியாக அழைப்பு அனுப்பியிருக்க வேண்டும்.

சட்டத்துக்கு ஒதுக்கியது பதினைந்து நிமிடம் மட்டுமே. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைக் குற்றமாக்குகிறது என்பதும், பணியிட வன்முறை, தொந்தரவு பற்றிய 190ஆம் இலக்க உடன்படிக்கையைச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019இல் நிறைவேற்றியது என்பதும் திரையில் காட்டிய இரண்டு படங்களில் ஓடி மறைந்தன. அப்போது பின்வரிசையிலிருந்த ஒரு பெண் எழுந்து, தன்னை விலகச் சொல்லவில்லை, விலகும்படி செய்துவிட்டார்கள் என்றும், கடிதம் எழுதிக் கொடுத்தபிறகு எங்கேனும் முறையிட முடியுமா என்றும் கேட்டார். வற்புறுத்தலால் நேர்ந்த விலகலைப் பணிநீக்கமாகக் கருதும்படி தொழில் நியாயசபையில் வாதிட இந்நாட்டில் இடமுண்டு. வளவாளரோ ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லி அடுத்த படத்துக்குப் போனார். அந்தப் பெண் கொப்பியை மூடினார். அதன்பிறகு அவர் எதையும் கேட்கவில்லை.