லிட்மன் கிளாசிக் 3-ஆ, கார்டியாலஜி 4-ஆ? வால்வு மர்மர் கேட்க எது போதும்

ஒரு ஸ்டெத்தின் தரம் தெரிய வேண்டுமென்றால் மைட்ரல் ஸ்டெனோசிஸ் (இதயத்தின் இடப்பக்க மைட்ரல் வால்வு குறுகுவது) நோயாளியிடம் வைத்துப் பார்க்க வேண்டும். டயஸ்டோலில், அதாவது இதயம் விரியும் கட்டத்தில் வரும் அந்த உறுமல் (மர்மர் என்பது வால்வில் ரத்தம் சுழித்து எழும் இத்தகைய ஓசை), மேற்கே மலைப்பக்கம் தொலைவில் இடி குமுறுவது போல அவ்வளவு தாழ்ந்த சுருதி. தெரியாதவர் காதுக்கு அது அமைதியாகவே படும். கோவையிலும் பெருந்துறையிலும் வார்டு போஸ்டிங் தொடங்கும் மாணவர்கள் எந்த ஸ்டெத் வாங்கலாம் என்று கேட்கும்போது, இந்த ஒரு ஒலியை மனதில் வைத்தே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

லிட்மன் கம்பெனியின் இந்த இரண்டு மாடலிலும் தலைப்பகுதியின் இரு பக்கமும் ட்யூனபிள் டயஃப்ரம் (அழுத்தத்துக்கு ஏற்பச் சுருதி மாறும் மெல்லிய தகடு) உண்டு. லேசாக வைத்தால் தாழ்ந்த ஒலி, அழுத்தினால் உயர்ந்த ஒலி. கிளாசிக் 3 சுமார் 150 கிராம். கார்டியாலஜி 4 அதைவிடக் கனம். ஒரே குழாய்க்குள் இரண்டு தனி வழிகள் ஓடும், குழாயும் தடிமன். விலையும் கூடுதல்.

கார்டியாலஜி 4-இன் வித்தியாசம் தெரிவது அயோர்ட்டிக் ரிகர்ஜிடேஷனில் (அயோர்ட்டிக் வால்வு கசிவது). ஊதுவது போன்ற, உயர்ந்த சுருதியில் தேய்ந்துகொண்டே போகும் மெல்லிய மர்மர் அது. நோயாளியை உட்காரவைத்து முன்னால் சாயச் சொல்லி, "மூச்சை முழுசா வெளிய விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு, மார்பெலும்புக்கு இடது ஓரம் மூன்றாவது விலா இடைவெளியில் டயஃப்ரத்தை நன்றாக அழுத்த வேண்டும். தோலில் வட்டத் தடம் விழும் அளவுக்கு அழுத்தினாலும் தப்பில்லை. சத்தமான ஓ.பி.யில் இந்த மாடல் அந்த ஒலியைக் கொஞ்சம் எடுப்பாகத் தருகிறது. ஆனால் படுக்கவைத்தே கேட்டுவிட்டு நகர்ந்தால் எந்த மாடலானாலும் தவறிப்போகும்.

மைட்ரல் ஸ்டெனோசிஸுக்கோ கையின் பழக்கம்தான் முக்கியம். "இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்கம்மா" என்று சொல்லி, ஏபெக்ஸ் (இதய நுனி) துடிக்கும் இடத்தை விரலால் தேடிப் பிடித்து, அதே புள்ளியில் ஸ்டெத்தை வைக்க வேண்டும், இரண்டு செ.மீ. தள்ளினாலும் உறுமல் காணாமல் போகலாம். விளிம்பு தோலில் இடைவெளியின்றிப் பதிந்தால் போதும், அதற்குமேல் அழுத்தம் கூடாது. பெல்லை (தகடு இல்லாத கிண்ணப் பக்கம்) அழுத்தினால் அடியில் தோல் இழுபட்டு, தோலே டயஃப்ரமாகித் தாழ்ந்த ஒலியை வடிகட்டிவிடும். இங்கே கார்டியாலஜி 4-இன் விறைப்பான குழாய் சிறு தொந்தரவு: லேசாகப் பிடித்தால் தலைப்பகுதியைச் சாய்க்கப் பார்க்கும். இரண்டு மாடலிலும் சின்னப் பக்கத்து டயஃப்ரத்தைக் கழற்றி ரப்பர் வளையம் மாட்டினால் அது திறந்த பெல் ஆகிவிடும். பெரியவர்களுக்கு வால்வு பார்ப்பவர்கள் அப்படி மாற்றி வைத்துக்கொள்வதே நல்லது. ட்யூனபிளில் அழுத்தத்தை நம்பியிருப்பதைவிடத் திறந்த பெல்லில் தாழ்ந்த ஒலி பழகுவது எளிது.

மற்ற இரண்டு வால்வு நோய்களுக்கும் கிளாசிக் 3 தாராளம். அயோர்ட்டிக் ஸ்டெனோசிஸின் (அயோர்ட்டிக் வால்வு குறுகல்) கரகரப்பு வலது இரண்டாவது இடைவெளியிலிருந்து கழுத்துக்கு ஏறும். மைட்ரல் ரிகர்ஜிடேஷன் (மைட்ரல் வால்வு கசிவு) சிஸ்டோல், அதாவது இதயம் சுருங்கும் கட்டம் முழுக்க ஒரே சீராக ஊதி அக்குள் பக்கம் போகும். வயதானவர்களில் அயோர்ட்டிக் மர்மரின் உயர் சுருதிப் பகுதி ஏபெக்ஸில் கேட்டு, மைட்ரல் என்று ஏமாற்றுவதும் உண்டு. சத்தம் பெரிதென்றால் நோய் பெரிது என்றும் முடிவு கட்டக் கூடாது. இதயம் தளர்ந்துவிட்டால் கடுமையான அயோர்ட்டிக் ஸ்டெனோசிஸிலும் மர்மர் மெலிந்துவிடும். மர்மரின் உச்சம் சிஸ்டோலின் பிற்பகுதிக்குத் தள்ளிப்போவது, இரண்டாம் இதய ஒலி மங்குவது, கழுத்து நாடி மெதுவாக எழும்புவது ஆகியவைதாம் கடுமையைக் காட்டும்.

எது வாங்கினாலும் காதுமுனை சரியாகப் பொருந்தாவிட்டால் காசு வீண். மாட்டும்போது முனைகள் மூக்குப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்; பெட்டியில் வரும் மாற்று அளவுகளையும் போட்டுப் பார்த்து, வெளிச்சத்தம் எதில் நன்றாக அடங்குகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். சோமனூர், பல்லடம் பக்கம் தறிச்சத்தம் சுவர் தாண்டி வரும் கிளினிக்குகளில் இதுவே பாதி வேலை. மின்விசிறியை நிறுத்துங்கள், சேலை, சட்டை மேல் வைக்காதீர்கள். மார்முடி உரசுவது நுரையீரல் கிராக்கிள் (படபடவென்ற வெடிப்பொலி) போலக் கேட்கும். கொஞ்சம் தண்ணீர் தொட்டுத் தடவினால் அடங்கிவிடும். ஒன்றுமே கேட்கவில்லையென்றால் டயஃப்ரத்தை விரலால் தட்டுங்கள், தலைப்பகுதி மறுபக்கம் திரும்பியிருக்கும்.

மேமூச்சு வாங்குதுங்க என்று வரும் கர்ப்பிணிக்கு ஏபெக்ஸில் பெல் வைக்காமல் அனுப்பக் கூடாது. ருமாட்டிக் காய்ச்சலால் வரும் மைட்ரல் ஸ்டெனோசிஸ் முதன்முதலில் தலைகாட்டுவது பல பெண்களுக்குக் கர்ப்பத்தில்தான். டயஸ்டோலில் எவ்வளவு மெல்லிய மர்மர் இருந்தாலும் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தே ஆக வேண்டும்.

படிக்கிறவர்களுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பவர்களுக்கும் கிளாசிக் 3. கார்டியாலஜி படிப்பவர்களும் தினமும் வால்வு நோயாளிகளைப் பார்ப்பவர்களும் கார்டியாலஜி 4-க்குப் போகலாம். குழாயை வெறும் கழுத்தில் போடாமல் காலர் மேல் போடுங்கள்; தோலின் எண்ணெய் ஏறினால் விறைத்துப்போகும். 70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்கலாம், முக்கி எடுக்கக் கூடாது. சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவிட்டும் போகாதீர்கள்.