நுனி வெடித்த முடி: ட்ரிம்மா, சீரமா, தேடித் தேடி வெட்டுவதா?

முடியை நீளமாக வளர்க்க ஆரம்பித்தவர்கள் எல்லோரும் சீக்கிரமே வந்து சேரும் சங்கடம் இது. நுனி வெடித்திருக்கிறது. வெட்டினால் இத்தனை நாள் வளர்த்த நீளம் போகும், விட்டால் பிளவு மேலேறி முடி பாதியில் முறியும். இதற்கு மூன்று வழிகள் சொல்கிறார்கள். பார்லருக்குப் போய் ஒழுங்காக ட்ரிம் செய்துகொள்வது, வெட்டாமல் சீரமும் (முடியில் தடவும் வழவழப்பான திரவம்) ட்ரீட்மெண்டும் போட்டுச் சமாளிப்பது, வீட்டிலேயே உட்கார்ந்து வெடித்த முடியை மட்டும் ஒவ்வொன்றாகத் தேடி வெட்டுவது. கழுத்தளவு இருந்த முடியை முதுகு வரை வளர்த்த காலத்தில் மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன். இப்போது மூன்றாவதில் நிலைத்துவிட்டேன். அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

சீரத்தை முதலில் முடித்துவிடலாம். வெடித்த நுனி மறுபடி ஒட்டாது. தலைக்கு வெளியே தெரியும் முடி முழுவதும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆன உயிரில்லாத இழை, தோலில் பட்ட காயம் மாதிரி அது தானாக ஆறாது. சீரத்தில் இருக்கும் டைமெத்திகோன் போன்ற சிலிக்கோன்கள் முடியின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, பிரிந்த இழைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கின்றன. தலைக்குக் குளித்தால் பெரும்பாலும் போய்விடும். பாண்ட் (bond, பிணைப்பு) ட்ரீட்மெண்டுகள் ப்ளீச் போன்ற ரசாயனங்களால் முடிக்குள் அறுந்த பிணைப்புகளைக் குறிவைப்பவை. இரண்டாகப் பிரிந்துவிட்ட நுனியை அவற்றாலும் தைக்க முடியாது. இதற்காக இவை வீண் என்று சொல்ல மாட்டேன். வழவழப்பு இருந்தால் உராய்வு குறையும், உராய்வு குறைந்தால் புதிய வெடிப்பு குறையும். குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவுவதும் அப்படித்தான். அது மேலே படிவதோடு நிற்காமல் முடிக்குள்ளும் ஊடுருவும், அலசும்போது முடி இழக்கும் புரதத்தைக் குறைக்கும். ஆனால் இதெல்லாம் வரும்முன் காப்பது. வந்துவிட்ட பிளவுக்குக் கத்தரிக்கோல்தான்.

ஆகவே உண்மையான போட்டி இரண்டு விதமான வெட்டுக்கு இடையில்தான். இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும், எனக்கு முடிவைத் தந்தது அதுதான்.

தலைமுடி மாதத்துக்குச் சராசரியாக ஒன்றேகால் சென்டிமீட்டர் வளர்கிறது. ஆண்டுக்குச் சுமார் 15 சென்டிமீட்டர், அதாவது ஆறு அங்குலம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ட்ரிம், ஒவ்வொரு முறையும் ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை, ஆறு அங்குலம். வளர்ந்தது அத்தனையும் தரையில். அரை அங்குலம் மட்டும் எடுத்தாலும் பாதி வளர்ச்சி போய்விடுகிறது. "எவ்வளவோ பார்த்துக்கொள்கிறேன், தோளைத் தாண்டவே மாட்டேன் என்கிறது" என்று வருந்துபவர்களில் பலருக்கு வேரில் எந்தக் குறையும் இல்லை. வேர் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது, கீழே அதே வேகத்தில் கழிந்துகொண்டிருக்கிறது. அடிக்கடி வெட்டினால் வேகமாக வளரும் என்ற பேச்சில் உண்மையில்லை. வளர்வது வேரில், நுனியில் நடப்பது வேருக்குத் தெரியாது.

சரி, அத்தனை நீளத்தையும் கொடுத்தால் வெடிப்பாவது முழுவதும் போகிறதா? போவதில்லை. தலையில் எல்லா முடியும் ஒரே நீளம் இல்லை. தினமும் 50 முதல் 100 முடி வரை உதிர்வதும், அந்த இடங்களில் புதிது முளைப்பதும் இயல்பு. ஆகையால் எந்த நேரத்திலும் பாதி வளர்ந்தவை, முக்கால் வளர்ந்தவை, நடுவில் முறிந்தவை என்று கலந்துதான் இருக்கும். லேயர் வெட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். கீழ் ஓரத்தை நேராக வெட்டும்போது அந்த ஓரம் வரை எட்டிய முடிகள்தான் வெட்டுப்படுகின்றன, அவற்றில் நல்ல முடிகளும் சேர்ந்தே போகின்றன. காதளவிலும் தோளளவிலும் வெடித்து நிற்பவை அப்படியே தங்கிவிடுகின்றன. பார்லரிலிருந்து வந்த மறுநாளே வெளிச்சத்தில் பார்த்தால் வெடிப்பு தெரிவதற்கு இதுதான் காரணம். வெட்டியவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்த முறையின் எல்லை அவ்வளவுதான்.

தேடி வெட்டும்போது இந்த இரண்டு நட்டமும் இல்லை. வெடித்த முடி எந்த உயரத்தில் இருந்தாலும் அகப்படும், நல்ல முடியைத் தொட வேண்டியதில்லை. என் முடி தோளைத் தாண்டி இறங்கத் தொடங்கியது இதற்கு மாறிய பிறகுதான்.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். முடி காய்ந்திருக்க வேண்டும், பகல் வெளிச்சம் வேண்டும். கறுப்பு முடி என்றால் மடியில் வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். விரல் தடிமனுக்கு ஒரு கற்றை எடுத்து மெதுவாக முறுக்கினால், நீளம் குறைந்த முடிகளின் நுனிகள் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொள்ளும். அவற்றில் பிளந்ததை மட்டும், பிளவு முடியும் இடத்துக்கு அரை சென்டிமீட்டர் மேலே வெட்டுங்கள். பிளவை ஒட்டியே வெட்டினால் பலவீனமான பகுதி மிச்சமிருந்து சீக்கிரம் மறுபடி வெடிக்கும். முடியின் நடுவே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது முறியக் காத்திருக்கும் இடம், அதற்கும் மேலே வெட்ட வேண்டும். பிளந்த இரண்டு இழைகளைக் கையால் பிரித்து இழுக்கவே கூடாது, பிளவு மேலே ஓடிவிடும்.

கத்தரிக்கோலில் சிக்கனம் வேண்டாம். முடி வெட்டுவதற்கென்றே செய்த, கூர்மையான ஒன்று வேண்டும். அதை வேறு எதற்கும் தொடக் கூடாது, பால் பாக்கெட்டுக்கும் காகிதத்துக்கும் வேறு வைத்துக்கொள்ளுங்கள். மழுங்கிய அலகு முடியை அறுக்காமல் நசுக்கும். முடியின் மேலுறை மீன் செதில் மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியது, நசுங்கிய இடத்தில் அந்த அடுக்கு கிளம்பி அங்கிருந்தே அடுத்த வெடிப்பு தொடங்கும்.

இதன் விலை நேரம். அடர்த்தியான முடியை ஒரே மூச்சில் முடிக்க நினைத்தால் கழுத்தும் கண்ணும் வலிக்கும். இன்று இடப்பக்கம், இன்னொரு நாள் வலப்பக்கம் என்று பிரித்துக்கொள்வதே நல்லது. கை சும்மா இருக்கும்போதெல்லாம் நுனியைப் பிடித்துப் பார்க்கும் பழக்கமாக மாறிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த நோண்டலே முடிக்குக் கேடு. இன்னொன்று, கீழ் ஓரம் போகப் போகக் கொஞ்சம் மேடுபள்ளமாகும். அலை அலையான முடியில் அது தெரியாது, கோடு போட்டாற்போல நேரான முடியில் தெரியும். ஓரம் கச்சிதமாக இருந்தே ஆக வேண்டும் என்பவருக்கு ட்ரிம்தான் சரி.

ஈர முடியை அழுத்திச் சீவுவது, ஈரத்தோடு அயர்ன் வைப்பது, இறுக்கமான ரப்பர் பேண்ட் ஆகியவை நிற்காமல் எந்த வழியும் பலிக்காது. இவற்றில் ஈரத்தோடு வைக்கும் அயர்ன்தான் மோசம். உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி முடிக்குள்ளேயே குமிழி விடும், அந்த இடத்தில் முடி ஒடியும்.

நான் சொன்னதெல்லாம் ப்ளீச் படாத, லேசான அலையுள்ள முடியை வைத்து. இறுகிய சுருள் முடியில் நான் இதைச் செய்து பார்த்ததில்லை. சுருளைப் பிரித்துப் பிரித்துத் தேடுவதே உராய்வைக் கூட்டலாம் என்பதால் அங்கே அடித்துச் சொல்ல மாட்டேன். கடைசி ஒரு சாண் முடி முழுக்க வெடித்து, ஊடே பார்த்தால் மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தால் தேடி வெட்டுவதில் பயனில்லை, வெடிக்காத முடி அங்கே மிச்சமே இருக்காது. அந்த நிலையில் ஒருமுறை பார்லருக்குப் போய் மெலிந்த பகுதியை மொத்தமாக எடுத்துவிடுங்கள். எத்தனை விரல் அளவு வெட்ட வேண்டும் என்பதை வெட்டுபவருக்கு முன்பே கையால் பிடித்துக் காட்டிவிடுங்கள். அதன் பிறகு தேடி வெட்டுவதற்கு மாறிக்கொள்ளலாம்.