பில் உங்கள் பேரில், டொமைன் அவர் பேரில்: கடைக்கு வெப்சைட் போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஏமாந்தது தெரியவருவது பெரும்பாலும் இரண்டாம் வருஷம்தான். முதல் வருஷம் எல்லாம் சுமுகமாக ஓடும். ‘டொமைன், ஹோஸ்டிங், ஐந்து பக்கம், லோகோ, எஸ்எஸ்எல் எல்லாம் சேர்த்துப் பதினைந்தாயிரம்’ என்று பேசி, பாதி அட்வான்ஸ் கொடுத்து, கடை போர்டிலும் விசிட்டிங் கார்டிலும் வெப்சைட் பெயரை அச்சடித்தும் ஆயிற்று. பதினோராவது மாதம் வாட்ஸ்அப்பில் வரும்: ‘சார், ரினியூவல் எட்டாயிரம்’. டொமைனுக்கு ஆயிரத்தைச் சுற்றித்தானே ஆகும் என்று கேட்டால் பதில் வராது. வேறு ஆளிடம் பார்த்துக்கொள்கிறேன் என்றால் பாஸ்வேர்டு தர இழுத்தடிப்பு, அப்புறம் போனே எடுப்பதில்லை. ஒரு நாள் காலையில் வெப்சைட் இருந்த இடத்தில் யாரோ ஒரு ரெஜிஸ்ட்ராரின், அதாவது டொமைன் பதிவு செய்து விற்கும் நிறுவனத்தின், விளம்பரப் பக்கம் நிற்கும். கடைப் பெயரில் இருந்த மெயிலும் கூடவே போயிருக்கும், அதில் வந்துகொண்டிருந்த ஆர்டரும்.

இந்த மாதிரி சிக்கிக்கொண்டவர்களின் வெப்சைட்டை எடுத்துப் பார்த்தால் டிசைன் ஒன்றும் மோசமாக இருக்காது. குறை சாவியில்தான். வெப்சைட் என்று நாம் ஒரே பொருளாகச் சொல்வது உண்மையில் நான்கு தனிச் சொத்துகள்: பெயர் என்ற டொமைன், தளம் குடியிருக்கும் சர்வர் இடமான ஹோஸ்டிங், உள்ளே இருக்கும் ஃபைல்களும் டேட்டாபேஸும், பிறகு மெயில். நான்குக்கும் தனித்தனிப் பூட்டு. பேக்கேஜ் என்று ஒரே தொகை பேசும்போது நான்கு சாவியும் ஒரே ஆளின் பையில் விழுந்துவிடுகிறது.

இருப்பதில் முக்கியமானது டொமைன். மற்ற மூன்றும் போனாலும் திரும்பக் கட்டிக்கொள்ளலாம், பெயர் போனால் போனதுதான். டொமைனுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதை ரெஜிஸ்ட்ரார் பார்க்க மாட்டார். ரெஜிஸ்ட்ரன்ட் என்ற இடத்தில் யார் பெயர், யார் மெயில் இருக்கிறதோ அவர்தான் அவர்கள் கணக்கில் உரிமையாளர். பல டிசைனர்கள் ஒரே ரெஜிஸ்ட்ரார் அக்கவுன்ட்டில் வாடிக்கையாளர் அத்தனை பேரின் டொமைனையும் தங்கள் பெயரிலேயே வாங்கி வைத்திருப்பார்கள். எல்லாரும் கெட்ட எண்ணத்தில் செய்கிறார்கள் என்று சொல்ல முடியாது, பாதிப் பேருக்கு அது சோம்பேறித்தனம். ஆனால் அந்த நல்ல மனுஷர் தொழிலை விட்டுவிட்டு துபாய்க்கு வேலைக்குப் போனாலும் உங்களுக்கு நேர்வது அதே கதிதான்.

சரிபார்க்க, டொமைனின் பதிவு விவரத்தைக் காட்டும் வூயிஸ் தேடலைத்தான் எல்லாரும் சொல்வார்கள். டாட் காம் என்றால் டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் லுக்கப் பக்கம், டாட் இன் என்றால் இந்தியாவின் நிக்சி அமைப்பு நடத்தும் பதிவேட்டின் பக்கம். ஆனால் 2018-இல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் வந்த பிறகு உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைத்தே காட்டப்படுகிறது. அதனால் அதில் பார்க்க வேண்டியது இரண்டே விஷயம்: ரெஜிஸ்ட்ரார் யார், காலாவதித் தேதி என்ன. உண்மையான சோதனை வேறு. அந்த ரெஜிஸ்ட்ராரின் தளத்தில் உங்கள் மெயிலைப் போட்டு, உங்கள் போனுக்கு வரும் ஓடிபியை வைத்து உள்ளே நுழைந்து டொமைனைப் பார்க்க முடிகிறதா? முடியவில்லை என்றால் அது உங்களுடையது இல்லை. ‘உங்க பேர்லதான் சார் போட்டிருக்கேன்’ என்று எத்தனை முறை சொன்னாலும் சரி.

டொமைனை நீங்களே வாங்குங்கள். கால் மணி நேர வேலை, யூபிஐயிலேயே கட்டலாம். அக்கவுன்ட்டுக்குக் கொடுக்கும் மெயில் அந்த டொமைனிலேயே உள்ள மெயிலாக இருக்கக் கூடாது. டொமைன் நின்றால் அந்த மெயிலும் நிற்கும், பாஸ்வேர்டை மீட்கும் லிங்க் போய்ச் சேர இடம் இருக்காது. பூட்டிய வீட்டுக்குள் சாவியை வைத்த கதை. சாதாரண ஜிமெயில் போதும், இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டுவிடுங்கள். ஆட்டோ ரினியூவலை மட்டும் நம்பி உட்காராதீர்கள். தானாகக் கழியும் கார்டு கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரில் விதிகளைக் கடுமையாக்கிய பிறகு நம் ஊர்க் கார்டுகளில் அது தடைபடுவது உண்டு. மூன்று வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுவது நிம்மதி. டாட் காமுக்குப் பத்து வருஷம் வரைகூடக் கட்டலாம். டிசைனருக்கு உங்கள் ரெஜிஸ்ட்ரார் பாஸ்வேர்டு எதற்கும் தேவையில்லை. டொமைன் எந்த ஹோஸ்டிங்குக்குப் போக வேண்டும் என்று சொல்லும் நேம்சர்வர் என்று இரண்டு வரி அனுப்புவார், அதை நீங்கள் ஒட்டினால் முடிந்தது.

ஏற்கெனவே அவர் பெயரில் இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். டாட் காமை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்ற, டொமைன் லாக் என்ற பூட்டை எடுத்துவிட்டு, ஆத் கோட் என்ற ரகசியக் குறியீட்டை வாங்க வேண்டும். பதிவு செய்த அல்லது கடைசியாக மாற்றிய நாளிலிருந்து 60 நாள் ஆகாமல் பொதுவாக நடக்காது. இதைச் சொல்லித்தான் பலர் தட்டிக்கழிப்பார்கள். அவர் வைத்திருக்கும் அதே ரெஜிஸ்ட்ராரிலேயே நீங்களும் ஓர் அக்கவுன்ட் தொடங்கி, அக்கவுன்ட்டிலிருந்து அக்கவுன்ட்டுக்குத் தள்ளச் சொன்னால் அந்தக் காத்திருப்பு பெரும்பாலும் வராது, அன்றே முடிந்துவிடும். மனம்தான் வேண்டும்.

ஹோஸ்டிங்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நிறையப் பேர் ஒரே ஒரு சிபேனல் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் அக்கவுன்ட்) வாங்கி, அதற்குள்ளேயே வாடிக்கையாளர் எல்லாருடைய தளத்தையும் ஆட்-ஆன் டொமைனாக அடைத்து வைத்திருப்பார்கள். ஒன்றில் வைரஸ் புகுந்தால் பக்கத்து ஃபோல்டர் எல்லாவற்றுக்கும் பரவும். உங்களுக்குச் சிபேனல் பாஸ்வேர்டு தர முடியாது என்பதற்கும் இதுவே காரணம், கொடுத்தால் மற்றவர்கள் கடை முழுவதும் உங்களுக்குத் தெரியும். எனவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள்: ‘எனக்குத் தனி சிபேனல் உண்டா, லாகின் என் கைக்கு வருமா?’ இந்தக் கேள்விக்குத் தடுமாறுகிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் ‘எல்லா ஃபைலும் ஜிப் பண்ணிக் கொடுத்துட்டேன்’ என்று பென்டிரைவ் தருவார்கள். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டிய தளம் என்றால் அந்த ஜிப்பில் உங்கள் எழுத்து ஒரு வரிகூட இருக்காது. பக்கங்கள், பொருள் விவரம், விலை, வந்த ஆர்டர் எல்லாம் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் இருக்கும். ஃபோல்டரில் படங்களும், தோற்றத்தைத் தரும் தீமும், கூடுதல் வசதி சேர்க்கும் பிளகினும்தான். ஜிப்போடு எஸ்கியூஎல் என்று முடியும் ஒரு ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கையில் வெறும் கூடுதான். சிபேனல் கிடைத்தால் பேக்கப் பகுதியில் முழு அக்கவுன்ட் பேக்கப் எடுங்கள், மெயில்கள்கூட வந்துவிடும்.

வேர்ட்பிரஸ் லாகின் கொடுத்தார்கள் என்பதோடு திருப்தி அடையாதீர்கள். உள்ளே போனதும் இடப்பக்க மெனுவில் பிளகின்ஸ் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் உங்களுக்குக் கொடுத்திருப்பது எடிட்டர் அல்லது அதற்கும் கீழான அனுமதி. எழுதலாம், திருத்தலாம், அவ்வளவுதான். அட்மினிஸ்ட்ரேட்டராக உங்கள் மெயில் இருக்க வேண்டும்.

அடுத்தது நல்ட் சரக்கு. காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம்களையும் பிளகின்களையும் திருட்டுத் தளங்களிலிருந்து இறக்கிப் போடுவதற்குத் தொழிலில் அந்தப் பெயர். டிசைனருக்குச் சில ஆயிரம் மிச்சம். அதற்குள் ஒளித்து வைத்த புரோகிராம் கோடு (code) சில மாதம் கழித்து வேலையைக் காட்டும். அது காட்டும் விதம்தான் வில்லங்கம்: நீங்கள் முகவரியைத் தட்டச்சு செய்து திறந்தால் தளம் சரியாக வரும். கூகுளில் தேடி, மொபைலில் தொடும் வாடிக்கையாளர் மட்டும் சூதாட்டத் தளத்துக்குப் போய் விழுவார். கடைக்காரருக்கு மாதக்கணக்கில் தெரியவே தெரியாது. வாரம் ஒருமுறை வேறொருவர் போனில், கூகுள் வழியாக உங்கள் தளத்தைத் திறந்து பாருங்கள். தீமுக்கும் பிளகினுக்கும் வாங்கிய ரசீதையும் லைசன்ஸ் கீயையும் கேளுங்கள். வழக்கமான லைசன்ஸ் ஒரு தளத்துக்குத்தான் செல்லும், ‘ஒண்ணு வாங்கினா எல்லாருக்கும் போடலாம்’ என்பது பல தீம்களுக்குப் பொருந்தாத பேச்சு.

தமிழில் தளம் கேட்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. டிடிபி வேலையிலிருந்து வந்தவர்கள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டிவிடுவார்கள். அந்த எழுத்துரு இல்லாத போனில் அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். சிலர் புத்திசாலித்தனமாக அதைப் படமாக்கிப் போடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தேடலுக்கு அது எழுத்தே இல்லை, படம். சோதனை சுலபம்: தளத்தில் ஒரு தமிழ் வரியைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே ஒட்டினால் யூனிகோடு. தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் படம்.

தளம் வந்து ஆறு மாதமாகியும் கடைப் பெயரைப் போட்டால்கூடக் கூகுளில் வரவில்லையா? வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் ரீடிங் பகுதிக்குப் போங்கள். தேடுபொறிகள் வர வேண்டாம் என்று சொல்லும் ஒரு டிக் பெட்டி இருக்கிறது. கட்டும்போது போட்டுவைத்ததை எடுக்க மறந்திருப்பார்கள். ஒரு டிக்கை எடுப்பதற்கு, தேடலில் மேலே கொண்டுவரும் எஸ்இஓ பேக்கேஜ் என்று மாதாமாதம் பணம் கட்டுகிறவர்கள் உண்டு. முதல் இடத்துக்கு உத்தரவாதம் தருகிறவரை நம்பாதீர்கள் என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. தள இணைப்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்கான கட்டணமும் இதே ரகம்தான். லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் இலவசம், பெரும்பாலான ஹோஸ்டிங்கில் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். அதற்கு வருஷம் இரண்டாயிரம் என்று பில் வந்தால் எதற்கு என்று கேளுங்கள்.

தொடர்புப் படிவத்தை நீங்களே நிரப்பி அனுப்பிப் பாருங்கள். மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி அமைப்பைச் செய்யாமல் விட்டால் ‘நன்றி, செய்தி கிடைத்தது’ என்று காட்டும், மெயில் வராமலே போகலாம். டிசைனரின் சோதனை மெயிலுக்கே விசாரணை எல்லாம் போய்க்கொண்டிருப்பதும் நடக்கிறது.

கூகுள் மேப்ஸில் வரும் பிசினஸ் புரொஃபைல் இலவசம், உங்கள் மெயிலில் தொடங்குங்கள், டிசைனரை மேனேஜராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் ஓனராகவும் நீங்கள் மேனேஜராகவும் இருந்தால் நாளைக்கு அவர் உங்களை நீக்க முடியும். இந்தப் புரொஃபைலோடு கூகுள் கொடுத்த இலவச வெப்சைட்டையே காசுக்கு விற்றவர்களும் இருந்தார்கள். 2024 மார்ச்சில் கூகுள் அந்தச் சேவையை நிறுத்தியபோது வாங்கியவர்களுக்குத் தளமும் போனது, காசும் போனது. தளத்தில் பணம் வாங்கும் பேமென்ட் கேட்வேயை உங்கள் பான், உங்கள் வங்கிக் கணக்கில் மட்டுமே திறக்க வேண்டும். ‘இப்போதைக்கு என் அக்கவுன்ட்டில் வரட்டும்’ என்ற பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

எழுத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின்படி, உங்கள் சம்பள ஊழியர் அல்லாத ஒருவர் வரைந்த டிசைனுக்கும் எழுதிய கோடுக்கும் முதல் உரிமையாளர் அவரேதான், நீங்கள் முழுப் பணம் கொடுத்திருந்தாலும். உரிமை உங்களுக்கு மாற, அவர் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். அந்த எழுத்திலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே ‘இந்தத் தளத்தின் டிசைன், லோகோ, கோடு ஆகியவற்றின் உரிமை முழுவதும், காப்புரிமைக் காலம் முழுமைக்கும், உலகம் முழுவதற்கும், உடனே பயன்படுத்தாவிட்டாலும் திரும்பப் போகாதபடி, இன்னாருக்கு எழுதிக் கொடுக்கப்படுகிறது’ என்று ஒரு தாள். லோகோவுக்கு இது அவசியம், பின்னால் டிரேட்மார்க் போடும்போது தெரியும்.

பணத்தைப் பாதி முன்னால், பாதி ‘தளம் லைவ் ஆனதும்’ என்று பேசாதீர்கள். லைவ் ஆவதும் ஒப்படைப்பதும் ஒன்றல்ல. முன்பணம் கால்பங்கு, டிசைன் ஒப்புக்கொண்டதும் கால்பங்கு, லைவ் ஆனதும் கால்பங்கு, கடைசிக் கால்பங்கு நான்கு சாவியும் கைக்கு வந்து நீங்கள் பாஸ்வேர்டு மாற்றிய பிறகு. நல்ல டிசைனர் யாரும் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். அவர் ஜிஎஸ்டி போட்டால் பில்லில் உள்ள எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் தேடிப் பாருங்கள். பதிவே இல்லாதவர் 18 சதவீதம் வாங்க முடியாது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் சண்டையைத் தொடங்கும் முன் பேக்கப் எடுங்கள். எந்த அனுமதி இருக்கிறதோ அதை வைத்து: அட்மின் என்றால் பேக்கப் பிளகின், எடிட்டர் என்றால் ஒவ்வொரு பக்கத்தையும் நகலெடுத்து, எதுவுமே இல்லை என்றால் தளத்தை அப்படியே இறக்கும் ஹெச்டிடிராக் போன்ற மென்பொருள். தளம் ஏற்கெனவே விழுந்துவிட்டால் இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பழைய பக்கங்கள் கிடைக்கலாம். மெயில்களைக் கம்ப்யூட்டரில் இறக்குங்கள். அதற்குப் பிறகுதான் ரினியூவல் தகராறு. பணம் கட்டியதற்கான ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, கடையின் பதிவுச் சான்று இவற்றோடு ரெஜிஸ்ட்ராருக்கு எழுதலாம், ஆனால் அவர்கள் பெரும்பாலும் ரெஜிஸ்ட்ரன்ட் பக்கமே நிற்பார்கள். ஐகானின் தகராறுத் தீர்வுமுறைக்கு டிரேட்மார்க் உரிமை காட்ட வேண்டும், கட்டணமே பொதுவாக 1,500 டாலரைச் சுற்றி ஆகும். சின்னக் கடைக்கு அது கட்டுப்படியாகாது. நுகர்வோர் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கிய சேவையை ஒதுக்குகிறது என்றாலும், சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்தும் தொழில் என்று வாதிட்டுப் பார்க்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிந்துவிட்டு, வக்கீல் நோட்டீஸும் விட்டால் சில பேர் இறங்கி வருவார்கள்.

இறங்கி வராவிட்டால் புதிதாக ஒரு டாட் இன் வாங்கி, கூகுள் புரொஃபைல், பில் புத்தகம், போர்டு, கார்டு எல்லாவற்றிலும் மாற்றுங்கள். பழைய டாட் காமின் காலாவதித் தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். அவர் ரினியூ செய்யாமல் விட்டால், சலுகைக் காலம் ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரை, மீட்புக் காலம் 30 நாள், அழிவுக் காலம் 5 நாள் கடந்து பெயர் திறந்துவிடப்படும். சில ரெஜிஸ்ட்ரார்கள் அதற்கு முன்பே ஏலத்துக்கு விட்டுவிடுவதால், காலாவதியான வாரமே பேக்ஆர்டர், அதாவது பெயர் விடுபட்டதும் உங்களுக்குப் பிடித்துத் தரும் முன்பதிவு, போட்டு வைக்க வேண்டும்.