காயாத வியர்வை: சிங்கப்பூரில் டிரையத்லான் பயிற்சி, சில ஆண்டு அனுபவம்

டிரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து, நடுவில் கடிகாரத்தை நிறுத்தாமல் செய்வது. புதியவர்கள் தொடங்கும் ஸ்பிரின்ட் போட்டியில் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் தூரம் அதைப் போல இரண்டு மடங்கு. 70.3 என்று சொல்லப்படும் அரை அயர்ன்மேனில் முறையே 1.9, 90, 21.1 கிலோமீட்டர். நான் ஸ்பிரின்டில் தொடங்கி 70.3 வரை வந்திருக்கிறேன். பயிற்சி எல்லாம் இந்தத் தீவில்தான். வேலைக்குப் போய்க்கொண்டு, அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு, பூமத்திய ரேகைக்கு வடக்கே 137 கிலோமீட்டர் தொலைவில் இதைத் தொடர்வது எப்படி இருக்கிறது, எந்தப் பொருள் தாங்கியது, எது தாங்கவில்லை என்பதையெல்லாம் எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

"இந்த வெயிலிலயா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். மதுரை வெயிலோடு ஒப்பிட்டால் சிங்கப்பூர் வெயில் ஒன்றும் பெரிதில்லை. இங்கே இதுவரை பதிவான உச்ச வெப்பநிலையே 37 டிகிரிதான். 1983இல் தெங்காவில் ஒருமுறை, 2023 மே மாதம் அங் மோ கியோவில் ஒருமுறை. நம்மை இங்கே நிறுத்துவது வெயிலைவிடக் காயாத வியர்வைதான். வியர்த்தால் மட்டும் உடம்பு குளிர்ந்துவிடாது. அந்த வியர்வை ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அதே ஒரு லிட்டர் முழங்கையிலிருந்து சொட்டித் தரையில் விழுந்தால் உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும் ஊரில் நிறையச் சொட்டித்தான் போகிறது.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள், "அதிகாலையில் ஓடினால் சரியாகிவிடுமே" என்பார்கள். பாதி உண்மை. இங்கே சூரியன் உதிக்கவே ஏழு மணி ஆகிவிடும் என்பதால் ஐந்தரைக்கு இறங்கினால் ஒன்றரை மணி நேரம் வெயில் இல்லாமல் ஓடலாம். ஆனால் அந்த நேரத்தில் வெப்பமானி 26 டிகிரி காட்டினாலும் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும். நடந்தால் இதமாக இருக்கும், ஓடினால் இருபதாவது நிமிடத்தில் சட்டையைப் பிழியலாம். வேகம் மாறாமல் ஓடிக்கொண்டிருப்போம், இதயத் துடிப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும். ரத்தத்தின் ஒரு பங்கு தோலைக் குளிர்விக்கப் போய்விடுகிறது, நீர் இழப்பால் ரத்தத்தின் அளவும் குறைகிறது, மீதியை வைத்துத் தசைகளைக் கவனிக்க இதயம் அடிக்கடி அடிக்க வேண்டியிருக்கிறது.

அதனால் இந்த ஊரில் வேகத்தைப் பார்த்து ஓடுவதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. குளிர்நாட்டில் எழுதப்பட்ட பயிற்சி அட்டவணையில் 'இன்று கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம்' என்று இருந்தால், அந்த எண்ணை ஒதுக்கிவிட்டு அது எந்த அளவு முயற்சியைக் கேட்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்வேன். மெதுவான ஓட்டம் என்றால் பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பேச்சு உடைந்தால் நடை. இங்கே நடப்பதும் பயிற்சிதான். அதில் வெட்கப்பட ஏதுமில்லை என்று புதியவர்களிடம் அழுத்தமாகச் சொல்வேன்.

எங்கள் குழுவில் இளைஞர் ஒருவர் கேட்டார்: "அக்கா, சைக்கிள்ல நல்லாத்தானே இருந்துச்சு? இறங்கி ஓட ஆரம்பிச்சதும் ஏன் இப்படி ஆகுது?" இந்தத் தீவில் டிரையத்லான் பழகும் எல்லாருக்கும் வரும் கேள்வி இது. "தம்பி, சைக்கிள்ல முப்பதுல போறப்ப காத்து உனக்காக வேலை செய்யுது. இறங்கினா அந்தக் காத்து நின்னுபோச்சு, சூடு மட்டும் உள்ளயே இருக்கு" என்றேன். வியர்வையை உலர்த்த சைக்கிளில் கிடைக்கும் காற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ஓட்டத்தில் கிடைக்கும். அதனால் சைக்கிளிலேயே தண்ணீர் குடித்து, தலையில் ஊற்றி, கடைசிப் பத்து நிமிடம் அழுத்தத்தைக் குறைத்து, ஓட்டத்துக்கு உடம்பைத் தயார் செய்ய வேண்டும். சைக்கிள் முடிந்த கையோடு இருபது நிமிடம் ஓடும் பயிற்சியை வாரம் ஒருமுறை வைத்துக்கொண்ட பிறகுதான் என் போட்டி ஓட்டங்கள் ஒழுங்காயின.

2023 ஜூலையில் தேசியச் சுற்றுப்புற வாரியம் வெப்ப அழுத்த ஆலோசனையைக் கொண்டுவந்தது. வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று நான்கையும் சேர்த்து அளக்கும் ஓர் எண்ணை வைத்து அது சொல்லப்படுகிறது. 31க்குக் கீழே குறைவு, 31 முதல் 33 வரை மிதம், 33ம் அதற்கு மேலும் அதிகம். மைஎன்வி செயலியில் பார்க்கலாம். வெறும் வெப்பநிலையைப் பார்ப்பதைவிட ஆயிரம் மடங்கு பயன். 33ஐத் தொட்டால் கடினப் பயிற்சியை மறுநாளுக்குத் தள்ளிவிடுவேன். அப்புறம் புகைமூட்டம். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை எந்த ஆண்டிலும் வரலாம், 2015, 2019 மாதிரி. காற்றுத் தரக் குறியீடு நூறைத் தாண்டினால் வெளியே ஓடுவதில்லை. இதில் எனக்கு இரண்டாம் யோசனை கிடையாது.

நீச்சலுக்கு இந்த ஊர் பெரிய கொடை. ஆக்டிவ்எஸ்ஜி என்ற அரசு விளையாட்டுத் திட்டத்தின் ஐம்பது மீட்டர் குளங்கள் பேட்டைக்குப் பேட்டை இருக்கின்றன, நுழைவுக் கட்டணம் சுமார் ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இந்த விலைக்கு இந்தத் தரத்தில் குளம் கிடைக்கும் ஊர்கள் உலகில் அதிகம் இருக்காது. இடி மின்னல் எச்சரிக்கை வந்தால் எல்லாரையும் மேலே ஏற்றிவிடுவார்கள். பிற்பகல் நேரத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். கடலுக்கு நான் போவது பெரும்பாலும் செந்தோசாவின் பலவான் கடற்கரைக்கு. அணைபோட்ட குடா என்பதால் அலை குறைவு. ஆனால் தண்ணீருக்குள் கை நீட்டினால் விரல் தெரியாத அளவுக்குக் கலங்கல் இருக்கும். போட்டிக்கு முன் அந்தக் கலங்கலைப் பழகிக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் முதல் நூறு மீட்டரிலேயே மூச்சு தடுமாறும். இடுப்பில் கட்டும் மிதவை கட்டாயம் வேண்டும். 2024 ஜூன் 14ஆம் தேதி பாசிர் பாஞ்சாங் முனையத்தில் தூர்வாரும் கப்பல் எண்ணெய்க் கப்பலில் மோதி 400 டன் எண்ணெய் கசிந்தபோது செந்தோசா, ஈஸ்ட் கோஸ்ட் கரைகள் கறுத்துப்போயின. கறுத்த மணலை அள்ளத் தன்னார்வலர்கள் திரண்டு வந்ததை நினைத்தால் இன்றும் மனம் நெகிழ்கிறது.

நம் கடல்நீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே இருக்கும் என்பதால் குளிர் தாங்கும் நீச்சல் உறை உடை (வெட்சூட்) இங்கே தேவையே இல்லை. குளிர்நாட்டுப் போட்டிக்குப் போகிறவர்கள் மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டால் போதும்.

சைக்கிள்தான் இந்தத் தீவின் பலவீனம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் 15 கிலோமீட்டர் கடலோரம் இருக்கிறது, பார்க்க அழகு. ஆனால் அங்கே வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர், குழந்தைகள் குறுக்கே ஓடுவார்கள். அந்தப் பாதையில் வேகப் பயிற்சி செய்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். சூடேற்றவும் ஆற்றவும் மட்டுமே அதைப் பயன்படுத்துங்கள். வேகம் வேண்டுமானால் சாலைக்குப் போக வேண்டும்: தானா மேரா கோஸ்ட் சாலை, நிக்கல் டிரைவ், வடமேற்கே லிம் சூ காங். 2022 ஜனவரியிலிருந்து குழுவின் நீளம் ஐந்து சைக்கிள்களுக்கு மேல் போகக்கூடாது. இருவர் இருவராகப் போனால் பத்துப் பேர். தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். இந்த விதிகள் வந்தபோது பலர் முணுமுணுத்தார்கள், எனக்கு அவை பிடித்தே இருக்கின்றன. சிறு குழுவாகப் போகும்போது ஒவ்வொருவருக்கும் முன்னால் நின்று காற்றை வாங்கும் முறை வருகிறது.

மலை கிடையாது. ஆக உயர்ந்த புக்கிட் தீமாவே 163 மீட்டர்தான், அதன் உச்சிக்குச் சைக்கிளில் போகவும் முடியாது. மவுண்ட் ஃபேபரைத் திரும்பத் திரும்ப ஏறி இறங்க வேண்டியதுதான். நீண்ட தூரம் போக ஆசை வந்தால் சாங்கி பாயிண்டிலிருந்து சிறு படகில் சைக்கிளை ஏற்றி மலேசியாவில் ஜொகூரின் பெங்கெராங் பக்கம் இறங்கி, தேசாரு வரை மிதித்துவிட்டு வருவோம். கடப்பிதழை நெகிழிப் பையில் சுற்றி எடுத்துப் போங்கள், முதுகுப் பையிலிருந்தாலும் வியர்வையில் ஊறிவிடும்.

மற்ற வார நாள்களில் வீட்டுக்குள், சைக்கிளை ஓரிடத்தில் நிறுத்தி மிதிக்கும் டிரெய்னர்தான். சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி நேரடியாகப் பொருத்தும் வகையைத் தேர்ந்தெடுத்தேன், சத்தம் குறைவு. கீழ்வீட்டுக்காரருக்கு அதிர்வு போகாமல் இருக்கத் தடித்த ரப்பர் விரிப்பு, எதிரே ஒன்றும் பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு மின்விசிறிகள். இவை இல்லாமல் டிரெய்னர் வாங்காதீர்கள். ஒரே விசிறியோடு மிதிப்பதற்கும் இரண்டோடு மிதிப்பதற்கும் இதயத் துடிப்பில் தெளிவான வேறுபாடு தெரியும்.

பொருள்களைப் பொறுத்தவரை, இங்கே எல்லாவற்றுக்கும் எதிரி உப்பு. டிரெய்னரில் மிதிக்கும்போது வியர்வை நேராகக் கைப்பிடித் தண்டில் விழுகிறது. அதில் சுற்றிய நாடாவுக்கு அடியில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிப்பது வெளியே தெரியாது. ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை நாடாவை அவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் புதிது சுற்றுகிறேன். முன்பக்கத் தாங்கு உருளைகளும் எஃகுத் திருகுகளும் அடுத்து துருப்பிடிப்பவை. ஒவ்வொரு முறையும் குறைந்த அழுத்தத்தில் நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடுவேன். சங்கிலிக்கு எண்ணெயைவிட மெழுகு எனக்குப் பிடித்திருக்கிறது. மணல் ஒட்டுவதில்லை, ஆனால் மழையில் நனைந்தால் உடனே மறுபடி பூச வேண்டும்.

மணிக்கட்டில் ஒளி வைத்து இதயத் துடிப்பை அளக்கும் கடிகாரம் வியர்வையில் வழுக்கித் தவறான எண் காட்டுகிறது. இங்கே துடிப்பை வைத்துத்தான் பயிற்சி செய்ய வேண்டும் என்பதால் மார்புப் பட்டைக்குக் காசு செலவழிப்பது நியாயம். பட்டையின் துணி இங்கே சீக்கிரம் நைந்துபோகும், மாற்றுப் பட்டை தனியாகக் கிடைக்கும் நிறுவனமாகப் பாருங்கள். ஓட்டக் காலணி இரண்டு ஜோடி. வியர்வை காலில் வழிந்து உள்ளே தேங்குவதால் பத்தாவது கிலோமீட்டரில் சளக் சளக் என்று சத்தம் வரும். மேல்துணி மெல்லியதாக, தண்ணீரை வெளியே விடுவதாக இருக்க வேண்டும். அதிகமாக மெத்தையுள்ள காலணிகள் ஊறிக் கனத்துப்போகின்றன. வீடு வந்ததும் பழைய தமிழ் முரசு தாள்களைத் திணித்து வைத்தால் மறுநாளைக்குக் காய்ந்திருக்கும். நீளமான முடி உள்ள பெண்களுக்கு ஒரு சொல்: நீச்சல் முடிந்து ஈர முடியோடு தலைக்கவசம் மாட்டினால் உச்சந்தலை அரிப்பு நிச்சயம். முடிந்தவரை பிழிந்து, தாழ்வாகப் பின்னிக்கொண்டு, தலைக்கவசத்தின் உள்பஞ்சை வாரம் ஒருமுறை துவையுங்கள்.

குடிப்பதில் என் வழி எளிது. ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் துணி மாற்றி எடை பார்த்தேன். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர் வியர்வை. என்னுடையது ஒரு லிட்டருக்கு மேல். அதை முழுவதும் ஈடுகட்ட வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறையும், அது ஆபத்து. நீண்ட சைக்கிள் பயணத்துக்கு ஒரு புட்டியில் உப்பும் எலுமிச்சையும் சர்க்கரையும் கலந்து, பாதியளவு முந்தின இரவே உறையவைத்து எடுத்துப் போகிறேன். சட்டைப் பையில் பொடி இட்லி. சக்திக்காகச் சாப்பிடும் இனிப்பு ஜெல் பாக்கெட்டுகளை இரண்டு மணி நேரத்துக்கு மேல் என் நாக்கு ஏற்பதில்லை. முடிந்ததும் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் தோசை, வீட்டில் உப்புப் போட்ட மோர்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு டிசம்பர், ஜனவரி நல்ல மாதங்கள். மழை உண்டு, ஆனால் ஆண்டிலேயே குளிர்ந்த நாள்கள் அப்போதுதான். ஓட்டத்துக்கு நிழல் உள்ள பாதையைத் தேர்ந்தெடுங்கள்: மெக்ரிச்சி காட்டுப் பாதை, அல்லது 2011இல் ரயில் நின்றபின் பசுமை வழியாக மாறிய 24 கிலோமீட்டர் ரயில் பாதை. உடம்பு இந்த ஈரக் காற்றுக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அதற்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும், அதே வேகத்துக்குத் துடிப்பு இறங்கும். அந்த இரண்டு வாரமும் கடிகாரத்தில் வேகம் காட்டும் பக்கத்தை அமைப்பில் போய் எடுத்துவிடுங்கள். துடிப்பும் நேரமும் மட்டும் தெரிந்தால் போதும்.